இரண்டடித் தொட்டியில் அலை

ஸ்ரீரங்கம்,
12.10.2025

செந்தமிழனுக்கு,

மணிமேகலை எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நான் நலம் என்று எழுதினால் அது பொய். உன் குரலைக் காதில் வாங்க என்னால் முடியாது. அதனால்தான் போனும் வேண்டாம், ஜெயிலுக்கு வந்து மனு போட்டுப் பார்ப்பதும் வேண்டாம் என்று பேப்பரை எடுத்தேன்.

விஷயம் ரஞ்சித்தின் மீன்தொட்டி. என் பிள்ளை போன இந்த எட்டு மாதத்தில் மீன் கடை ரஃபீக்தான் வாரம் ஒரு தரம் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். இப்போது தொட்டியில் அலை நின்றுவிட்டது. கரண்ட் போய் வந்த அன்று உன் மாமா தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று பம்பை ஓட்டும் அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு திருகையும் திருகிவைத்துவிட்டார். பம்ப் ஓடுகிறது, ஆனால் ஒரே பக்கமாக ஊதுகிறது. மணல் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது. பவளங்கள் சுருங்கிப்போய் நான்கு நாளாகிறது.

ரஃபீக்குக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்த கன்ட்ரோலர் கடையில வாங்கினது இல்ல, செந்தமிழன் அண்ணன் அவர் கையால கட்டினது. எனக்குப் பிடிபடாதுக்கா, அவரைத்தான் கேக்கணும்" என்கிறார். என் தலையெழுத்து, உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் பிள்ளை விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதுவும் போய்விடக் கூடாது. எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுது. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர்தான், புரிந்துகொள்வேன். வேறு எதையும் எழுத வேண்டாம். மன்னிப்பு, கின்னிப்பு என்று ஒரு வரி வந்தாலும் கிழித்துப்போடுவேன்.

மணிமேகலை


மத்திய சிறை, திருச்சி,
19.10.2025

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். அலையை உண்டாக்குவது பம்பின் பலம் இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் தானாகவே இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் போய்வரப் பார்க்கும். அது திரும்பிப் போகத் தொடங்கும் நேரத்தில் பம்ப் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓய வேண்டும். ஊஞ்சல் ஆட்டுவது மாதிரிதான். எதிரே வரும்போது தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். போகும்போது விரலால் தொட்டாலே போதும், ஏறிக்கொண்டே போகும். நமது தொட்டி இரண்டடி. தண்ணீர் ஒரு தரம் போய்வர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதில் பாதி தள்ளு, பாதி ஓய்வு.

பெட்டியில் இடது திருகு நேரத்துக்கு, வலது திருகு வேகத்துக்கு. வலது திருகைப் பாதியில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். இடது திருகை முழுக்க இடப்பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து மயிரிழை மயிரிழையாக வலப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு முறை திருப்பியதும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பிடிபடாது. பம்பைப் பார்க்காமல் கண்ணாடி மூலையைப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர் விரல்கடை ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்கினால் அதுதான் இடம். அங்கே நிறுத்திவிட்டு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

தண்ணீர் வெளியே சிந்தினால் வேகத்தைக் குறைக்கலாம், நேரத்தைத் தொட வேண்டாம்.

இவ்வளவுதான்.

செந்தமிழன்


ஸ்ரீரங்கம்,
2.11.2025

செந்தமிழனுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜெயிலிலிருந்து ஸ்ரீரங்கம் வர ஆறு நாள் எடுத்துக்கொண்டது. உறையைப் பிரித்துப் படித்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். பம்ப் திருகைப் படித்து அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ.

அலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திருப்புவது, நூறு எண்ணுவது, மறுபடி திருப்புவது. ஒன்பதரை வரைக்கும் தண்ணீர் கலங்கிக்கொண்டுதான் இருந்தது. வந்த கோபத்தில் பெட்டியோடு பிடுங்கிக் காவேரியில் போடலாமா என்று இருந்தது. அதற்கப்புறம் திடீரென்று தொட்டி முழுக்க ஒன்றாக அசையத் தொடங்கியது. தண்ணீர் வலது கண்ணாடியில் ஏறுகிறது, இறங்குகிறது, இடது பக்கம் ஏறுகிறது. பவளம், மீன், மணல் எல்லாம் அதோடு சேர்ந்து போய்வருகின்றன. அடுப்பில் பால் பொங்கி ஊற்றிவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை. இதற்காகத்தான் அவன் பரீட்சைக்குப் படிக்காமல் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தானா என்று இருந்தது. அதற்கு எத்தனை திட்டு வாங்கியிருக்கிறான்.

மறுநாள் காலையில் பவளங்கள் விரிந்துவிட்டன. குறிப்பாக அந்த விரல் பவளம். கை கையாக, ஒவ்வொரு கையும் மூடித் திறந்து மூடித் திறந்து கொண்டிருக்கிறது. அவன் இருந்தபோது நான் அதைப் பார்த்த நினைவில்லை. ரஃபீக்தான் அப்புறம் கொண்டுவந்து வைத்தார், ரஞ்சித் கேட்டிருந்தான் என்றார்.

இப்போது தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது. தண்ணீரும் தினம் குறைகிறது. உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றவா, எப்படி?

இன்னொன்று. என்னை நீங்கள், வாருங்கள் என்று எழுதாதே. புதிதாக வந்த இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்தக் கடிதங்கள் உன் மாமாவுக்குத் தெரியாது.

மணிமேகலை


மத்திய சிறை, திருச்சி,
11.11.2025

அக்காவுக்கு வணக்கம்.

குறைவதற்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று. உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெயிலுக்குத் தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கேன் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். மழைக்காலத்தில் நாளுக்கு ஒரு மக் ஆகும். கோடையில் இரண்டுக்கு மேல் போகும். விளிம்பில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துவிடு.

மீனுக்கு இரை போடும்போது பெட்டியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்து. பம்ப் பத்து நிமிடம் நின்று தானாக ஓடத் தொடங்கும். சுவரில் சுவிட்சை அணைக்காதே, போட மறந்துவிடுவோம். அந்தத் தொட்டிக்கு வேறு மோட்டார் கிடையாது. அலைதான் அதற்குக் காற்று. பம்ப் நின்று அரை நாள் போனால் ஒன்றும் மிஞ்சாது. கரண்ட் போனால் பின்னால் இருக்கும் பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும்.

என்னை இங்கே மோட்டார் ரூமில் போட்டிருக்கிறார்கள். வெளியே மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி காயில் கட்டிய வேலைதான் இங்கேயும்.

அந்த விரல் பவளம் இப்போது எத்தனை கிளையாக இருக்கிறது? முடிந்தால் எண்ணி எழுது. வேறொன்றும் இல்லை.

செந்தமிழன்


ஸ்ரீரங்கம்,
7.12.2025

செந்தமிழனுக்கு,

இங்கே விடாத மழை. ஸ்கூலுக்கு மூன்று நாள் லீவு. உனக்கு ஒடிந்து சேர்ந்த அந்தக் கையில் குளிருக்கு வலி வருமே என்று நினைப்பு ஓடியது, அதைத் தடுக்க முடியவில்லை. கம்பளி தருகிறார்களா?

விரல் பவளம் பதினாறு கிளை. எண்ணி முடிப்பதற்குள் மீன் இரண்டும் குறுக்கே குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தன. அதில் பெரியது சரியான வம்பு. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் கடிக்க வருகிறது.

உன் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. டிவிக்கு அடியில் வைத்திருந்த உன் கடிதங்களை எடுத்துப் படித்திருக்கிறார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்டு முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். "கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாக இருந்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீ வண்டியை வேகமாக ஓட்டியிருந்தால் வேகமாகப் போனான் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். குறுக்கே எவனாவது வந்திருந்தால் அவனைச் சபித்திருப்பேன். நீ தூங்கிவிட்டாய். போலீசிடம் நீயே சொன்னாய், கோர்ட்டிலும் வக்கீல் வேண்டாம் என்று நீயே எழுந்து சொன்னாய். மத்தியானம் மூன்று மணி, பக்கத்து சீட்டில் என் பிள்ளை. உனக்கு எப்படியடா தூக்கம் வந்தது? உன் மடியில் உட்கார வைத்துத்தானே அவனுக்குக் காது குத்தினோம். அவன் அழுத அழுகையில் நீயும் சேர்ந்து அழுது, சபையே சிரித்தது. அப்படிப்பட்டவனுக்கு எப்படி வந்தது தூக்கம்? லீவில் உட்கார்ந்து மூன்று நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுது.

மணிமேகலை


மத்திய சிறை, திருச்சி,
18.1.2026

அக்காவுக்கு வணக்கம். மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

கம்பளி தந்திருக்கிறார்கள். கை பரவாயில்லை.

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அக்கா.

பம்பைக் கழற்றிக் கழுவி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மக்கில் பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி, பம்பின் மூடியையும் உள்ளே சுற்றும் இறக்கையையும் ஒரு மணி நேரம் ஊறவை. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசி மாட்டு. இறக்கையில் ஒரு நூல் சிக்கினாலும் நின்றுவிடும்.

விரல் பவளம் நன்றாக இருக்கிறதா?

செந்தமிழன்


ஸ்ரீரங்கம்,
5.3.2026

(இது தபாலில் சேர்க்கப்படவில்லை.)

தம்பி,

தொட்டி போய்விட்டது. நான்தான் கொன்றேன்.

செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். மூன்றே கால் மணிக்குப் பிடித்து ஏழு மணிக்குள் விடுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா இருந்தபோது கிரகணம் வந்தால் நமக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். முசிறியில் ஊரே கதவடைத்துக் கிடக்க, நம்மை மட்டும் வாசலில் உட்கார வைத்துக் கறிச்சோறு போடுவார். அந்த மனுஷனுக்குப் பிறந்தவள்தான் நான். ஆனால் ரஞ்சித் போனதிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. பூனை, பல்லி, எரிந்துபோன பல்பு, எதைப் பார்த்தாலும் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் வருஷம் திரும்பியது. அடுத்தாற்போல் கிரகணம்.

மேல்வீட்டு ரங்கநாயகி மாமி தர்ப்பை கொடுத்தார். "குடிக்கிற ஜலம், அரிசி, ஊறுகாய் எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போட்டு வெச்சுடு. தோஷம் அண்டாது" என்றார். காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் குடத்தில் போட்டேன், அரிசி டின்னில் போட்டேன், மாவில் போட்டேன். கையில் நான்கு புல் மிஞ்சியது. தொட்டியைப் பார்த்தேன். வீட்டில் காப்பாற்ற வேண்டிய தண்ணீர் அதுதானே என்று தோன்றியது. நாலையும் அதில் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் அப்படியே நிற்கிறது. புல் பம்புக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உயிர் இருந்தது, தம்பி. கையை விட்டு உருவியிருந்தால் பிழைத்திருக்கும்.

நான் கையை விடவில்லை. பிடித்த நேரத்தில் தண்ணீரைத் தொடக் கூடாது, விட்ட பிறகு குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று மாமி சொல்லியிருந்தார். தொட்டால் தோஷம் தொட்டிக்குத் தாக்கிவிடும் என்று நினைத்தேன். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். விட்டதும் ஓடிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்து கையை விட்டேன். பம்பைத் தொட முடியாமல் சுட்டது. கருகின நாற்றம். மீன் இரண்டும் கவிழ்ந்திருந்தன. மறுநாள் காலையில் விரல் பவளம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. கிளை என்று எடுக்க ஒன்றும் இல்லை.

உன் மாமாதான் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழுவிவைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை உனக்கு எப்படி அனுப்புவது? உன்னை அந்தக் கேள்வி கேட்ட வாயால் இதை எப்படிச் சொல்வது?


ஸ்ரீரங்கம்,
16.3.2026

செந்தமிழனுக்கு,

இங்கே அனைவரும் நலம். மாமா நலம். முழுப் பரீட்சை வருவதால் ஸ்கூலில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நீ சொன்னபடி பம்பைக் கழுவி மாட்டினேன். நன்றாக ஓடுகிறது. தினம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறேன். மீன், பவளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மணிமேகலை


மத்திய சிறை, திருச்சி,
29.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை நாலைந்து தரம் படித்துவிட்டேன்.

இந்த வெயிலில் ஒரு மக் போதாது. அது போகட்டும், கணக்குத் தவறியிருக்கலாம். ஆனால் பெரிய மீன் உன்னைக் கடித்ததா, இல்லையா என்று இல்லை. பவளம் எத்தனை கிளை என்று இல்லை. என்னைத் திட்டி ஒரு வரி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். ஏதோ நடந்துவிட்டது, அக்கா. தொட்டி இல்லை என்று நினைக்கிறேன்.

எப்படி என்று கேட்கமாட்டேன். நான் கட்டிய பெட்டியே கெட்டுப்போயிருக்கலாம். கைவேலை எத்தனை நாள் தாங்கும்.

இங்கே சனிக்கிழமை கடிதம் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து மனு போட்டு வருகிறார்கள். எனக்கு உன் கடிதம்தான். பம்ப், திருகு, உப்பு என்றுதான் இருக்கும், ஆனாலும் உன் கையால் எழுதியது. தொட்டி போய்விட்டால் எனக்கு எழுத உனக்கு ஒரு காரணமும் இருக்காது. அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால், இருக்கிறது என்றே நீ எழுதிக்கொண்டிருந்தாலும் எனக்குச் சம்மதம். நானும் எதைக் கழுவ வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

கோடையில் தண்ணீர் சூடேறும். மூடியைத் திறந்துவைத்து, ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிடு.

செந்தமிழன்


ஸ்ரீரங்கம்,
26.4.2026

தம்பிக்கு,

நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஸ்கூல் முடிந்துவிட்டது.

இத்துடன் மார்ச் ஐந்தாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். படித்துக்கொள். மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உன் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதன் மேல் பழி போடாதே. இன்றைக்குக்கூட ப்ளக்கை மாட்டினால் விளக்கு எரிகிறது.

உன்னைக் கேட்ட கேள்வியை இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் கண்ணெதிரே சாகவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். தூக்கத்தில்கூட இல்லை, முழித்துக்கொண்டு. அதற்காக உன் கணக்கும் என் கணக்கும் ஒன்றாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. மீனும் பவளமும் வேறு, பிள்ளை வேறு. நீ தூங்கியது தூங்கியதுதான். அதை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

மணிமேகலை


மத்திய சிறை, திருச்சி,
6.5.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மாமா உன்னைப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து ஆறுதல் அடைகிறேன்.

நான் தூங்கவில்லை, அக்கா.

இதை எப்போதும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். தொட்டி இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அன்றைக்குச் சென்னையில் வாங்கிய பவளங்களை தெர்மகோல் பெட்டியில் வைத்தோம். அந்த விரல் பவளத்துக்கு மட்டும் இடம் போதவில்லை. அதைத் தண்ணீரோடு ஒரு பையில் கட்டி, எங்கள் இரண்டு பேர் சீட்டுக்கும் நடுவில் கீழே வைத்திருந்தோம். திருச்சிக்கு முன்னால் பாடாலூர் தாண்டியதும் பை சாய்ந்தது. கட்டு அவிழ்ந்தால் தண்ணீர் போய்விடும், அது பிழைக்காது. நான் குனிந்து ஒரு கையால் பையைப் பிடித்தேன். நிமிர்ந்தபோது முன்னால் லாரி நின்றிருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடப்பக்கம் மோதிவிட்டது.

பைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரஃபீக் ஸ்டேஷனுக்குப் போய் அதை வாங்கிவந்து தொட்டியில் வைத்திருக்கிறார். அவரிடம் நான்தான் சொல்லக் கூடாது என்றேன்.

போலீஸ் கேட்டபோது கண் அசந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பவளம் என்று சொன்னால் அந்தத் தொட்டி என்ன ஆகும்? உன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நீ அதைத் தூக்கி எறிந்திருப்பாய். எறிய மனம் வராவிட்டால் அதைப் பார்த்துப் பார்த்துச் செத்திருப்பாய். என்னை வெறுப்பது உனக்கு அதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். நீ கிளையை எண்ணி எழுதியபோது அது வளர்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்கு வெட்கமும் பட்டேன்.

நீ புல்லைப் போட்டது காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

செந்தமிழன்


ஸ்ரீரங்கம்,
17.5.2026

தம்பி செந்தமிழனுக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவர் வெகுநேரம் இறங்கிவரவில்லை. இறங்கிவந்து, "அவன் சாப்பிடுறானா என்னன்னு கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன்.

எனக்கு ஆறவில்லை. நீ தூங்கவில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று நீ நினைத்திருந்தால் அது தப்பு. இத்தனை நாள் கோபப்பட ஒரு இடம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாய். எட்டு நாளாக வீட்டில் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பை சாய்ந்தது என்று எழுதியிருக்கிறாய். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனுக்குக் கீழே இருக்கும் பை சாய்வது எப்படித் தெரிந்தது? அவன் சொல்லியிருப்பான். மாமா, பை, மாமா, பை என்று கத்தியிருப்பான். அவனுக்கு வாய் சும்மா இருக்காதே. நீ போலீசிடம் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை, இத்தனையும் எழுதிவிட்டு இதை மட்டும் இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. பிள்ளை பேரில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறாய். பெற்றவளுக்கு இது தெரியாதா?

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது அவன் பேசும் நிலையில் இல்லை. கிளம்பின அன்று காலையில், டிபன் டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா என்று நான்தான் அவனிடம் சொன்னேன், அவன் பதில் சொல்லாமல் படியிறங்கிவிட்டான். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவன் கடைசியாகப் பேசியதெல்லாம் அந்த வண்டிக்குள் பேசியது. அதைக் கேட்டவன் நீ ஒருத்தன். பதினைந்து மாதமாக அதை நீ தனியாக வைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் கேட்காமல் திருகையும் உப்பையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். முத்திரை குத்துகிறவர் படித்து முடித்து என் கைக்கு வருவதை என்னால் தாங்க முடியாது. இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை நானும் மாமாவும் மனு போடுகிறோம். மாமா லீவு சொல்லிவிட்டார். கே.கே. நகர் பஸ் பிடித்தால் ஜெயில் கார்னரில் இறங்கிக்கொள்ளலாமாம்.

உன் முகத்தைப் பார்த்து என்னால் உட்கார முடியுமா என்று எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். சென்னையில் வண்டி ஏறியதிலிருந்து அவன் என்னென்ன பேசினான், என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், என்னைப் பற்றிக் குறை சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் விடாமல் சொல்லு. பதினைந்து நிமிஷம்தான் தருவார்களாம். அழுதுகொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதனால் நாங்கள் வந்து உட்கார்ந்த உடனே சொல்ல ஆரம்பித்துவிடு.

மணிமேகலை